யாருக்குப் பொது? அலாஸ்காவின் பூங்காக்களும் பூர்வகுடிகளும்

 

இந்தப் பேருரை யாருடைய நினைவில் நடக்கிறதோ அந்தத் தோழரை இங்கே இருப்பவர்களில் பலர் நேரில் அறிவீர்கள். பஞ்சமி நிலக் கணக்கைத் தேடி அவர் வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டத்தில் யாராவது பொதுப்பாதை, பொதுக்குளம், பொதுமந்தை என்று சொன்னால் அங்கேயே நிறுத்துவார். "பொதுன்னா யாருக்குங்க பொது?" என்று கேட்பார். பேசியவர் பதில் சொல்லாமல் அடுத்த வார்த்தைக்குப் போக முடியாது. இன்றைய உரை அவருடைய அந்த ஒற்றைக் கேள்வியோடு வெகுதூரம் போகிறது.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதல்ல. 1923இல் பம்பாய் சட்டமன்றம், அரசுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கும் குளமும் கிணறும் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் சவுதார் குளம் பொதுவாகிவிட்டது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்கும்வரை நம் மக்கள் யாரும் அதைத் தொட முடியவில்லை. தொட்ட பிறகு, குளம் பொதுவே அல்ல, தனியார் சொத்து என்று நீதிமன்றம் போனார்கள். வழக்கு முடிய 1937 ஆயிற்று. 'பொது' என்ற சொல்லை எழுதிவைப்பது எளிது. அதற்குள் யார் யார் அடக்கம் என்பதுதான் சண்டை.

இதே சண்டை இன்னொரு மண்ணில் காடு, மலை, கரடி, பறவை என்ற பெயர்களில் நடந்தது. அந்த மண் வடதுருவத்தை ஒட்டிய அலாஸ்கா. அங்கே நிலத்தின் பெரும்பகுதி 'பொதுநிலம்'. உலகெங்கும் இருந்து லட்சக்கணக்கானோர் அதைப் பார்க்கப் போகிறார்கள். பார்க்கப் போகிறவர்களுக்காக அந்த நிலம் எப்படி ஒழுங்கு செய்யப்பட்டது, அதில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இந்த உரையின் பொருள்.

கேட்காமல் நடந்த விற்பனை

1867இல் ரஷ்யப் பேரரசு அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. பரப்பளவு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். பதின்மூன்று தமிழ்நாட்டை உள்ளே வைக்கலாம். கடற்கரையில் சில இடங்கள் தவிர அந்த நிலத்தில் ரஷ்யர்கள் குடியிருந்ததே இல்லை. டிலிங்கிட், அதபாஸ்கன், இனுபியாட், யூப்பிக், அலூட் எனப் பல இன மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தார்கள். அவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கிருந்த ரஷ்யக் குடிமக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை தருவதாகச் சொன்ன ஒப்பந்தம், 'நாகரிகமற்ற' பழங்குடிகளை விலக்கிவைத்தது. அவர்களுக்கு அமெரிக்கா அவ்வப்போது போடும் சட்டம்தான்.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிலம் மக்களின் பெயரால் பொதுநிலம் ஆனது. அந்த நிலத்தின் மக்கள் அந்த 'மக்களில்' சேர்க்கப்படவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை 1924இல்தான் வந்தது.

கப்பலில் வந்த கண்

விற்பனை முடிந்து இருபது ஆண்டுக்குள் சுற்றுலா தொடங்கிவிட்டது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மூர் படகில் வந்து, பின்னர் கிளேசியர் பே என்று பெயர் பெற்ற பனிவிரிகுடாவைப் பார்த்தார். அவர் எழுதியதைப் படித்த பணக்காரர்கள் நீராவிக் கப்பல் ஏறினார்கள். மூர்தான் அந்த விரிகுடாவைக் கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் எழுதினார்கள். ஆனால் அவருடைய படகைச் செலுத்தியவர்கள் டிலிங்கிட் மக்கள். விரிகுடாவுக்குள் வழிதெரியாமல் தடுமாறியபோது, கரையில் புகையைக் கண்டு போய்ப் பார்த்தால், அங்கே சீல் எனும் கடல்நாய்களை வேட்டையாடும் ஹூனா டிலிங்கிட் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அவர்களில் ஒருவரைத்தான் வழிகாட்டியாக அழைத்துப் போனார். அடுப்பு எரிந்துகொண்டிருந்த இடத்தைத்தான் அவர் கண்டுபிடித்திருக்கிறார்!

1899இல் ரயில்வே முதலாளி எட்வர்ட் ஹாரிமன் அறிஞர்களையும் ஓவியர்களையும் புகைப்படக்காரர்களையும் ஒரு கப்பலில் ஏற்றிக்கொண்டு அலாஸ்காவைச் சுற்றினார். மூரும் அதில் இருந்தார். திரும்பும் வழியில் கேப் ஃபாக்ஸ் என்ற டிலிங்கிட் ஊரில் கப்பல் நின்றது. ஊரில் ஆள் இல்லை. குடும்பங்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தன. ஆனால் வீட்டையும் குலச்சின்னம் செதுக்கிய மரத்தூண்களையும் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. அறிஞர்கள் அந்தத் தூண்களைப் பிடுங்கிக் கப்பலில் ஏற்றி அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். 2001இல்தான் அவை அந்த மக்களின் வழித்தோன்றல்களிடம் திரும்பி வந்தன. இடையில் 102 ஆண்டுகள்.

இந்தத் தூண்களின் படத்தை அஞ்சலட்டையில் போட்டு விற்ற அதே அலாஸ்காவில், தூணைச் செதுக்கியவரின் பிள்ளைகள் விடுதிக்குள் நுழைய முடியாது. கடைகளிலும் உணவகங்களிலும் பூர்வகுடிகளுக்கு இடமில்லை என்ற பலகை தொங்கியது. திரையரங்கில் அவர்களுக்குத் தனி இருக்கை. 1941இல் தலைநகர் ஜூனோ அருகே அப்படி ஒரு பலகையைப் பார்த்த எலிசபெத் பெராட்ரோவிச், ராய் பெராட்ரோவிச் எனும் டிலிங்கிட் தம்பதியர் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். 1912 முதல் இயங்கிய அலாஸ்கா பூர்வகுடிச் சகோதரர் சங்கமும் சகோதரிகள் சங்கமும் அவர்கள் பின்னால் நின்றன. 1945 பிப்ரவரியில் மேலவையில் எலிசபெத் எழுந்து சாட்சி சொன்னார். அந்த மாதம் 16ஆம் நாள் பாகுபாட்டுத் தடைச் சட்டம் கையெழுத்தானது. அமெரிக்கக் கூட்டாட்சியின் குடிமை உரிமைகள் சட்டம் வருவதற்கு 19 ஆண்டுகள் முன்பு. இன்றைக்கு அந்த நாள் அலாஸ்காவில் எலிசபெத் பெராட்ரோவிச் நாள்.

விடுதிக் கதவு திறந்தது. காட்டின் கதவு வேறு கதை.

ஒரு முட்டையின் வரலாறு

ஹூனா டிலிங்கிட் மக்களின் தாய்மடி கிளேசியர் பே. பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களுடைய ஊர்களை நசுக்கியது. மக்கள் வெளியேறி எதிர்க்கரையில் குடியேறினார்கள். பிறகு பனி பின்வாங்கியது. 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் பார்த்தபோது விரிகுடாவின் வாயிலேயே பனிச்சுவர் நின்றது. மூர் வந்தபோது அது பல பத்து கிலோமீட்டர் உள்ளே போயிருந்தது. பனி விலக விலக, மக்கள் சீல் வேட்டைக்கும் பழம் பறிக்கவும் கடற்காகத்தின் முட்டை எடுக்கவும் தங்கள் இடத்துக்கே திரும்பி வந்தார்கள்.

அதே பனி விலகியதைத் தாவரவியலாளர் வில்லியம் கூப்பர் வேறு கண்ணோடு பார்த்தார். வெற்றுப்பாறையில் பாசி வந்து, செடி வந்து, மரம் வருவதை முதலிலிருந்து படிக்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் இல்லை என்றார். சூழலியல் அறிஞர்களின் முயற்சியால் 1925இல் கிளேசியர் பே தேசிய நினைவுச்சின்னம் ஆனது. 1939இல் எல்லை விரிந்தது. 1980இல் தேசியப் பூங்கா. அறிவியல் எழுதிய அந்தக் கதையில் பாசியும் மரமும் திரும்பி வருகின்றன. மனிதர் திரும்பி வரவில்லை.

கடற்காக முட்டை ஹூனா மக்களுக்கு வெறும் உணவல்ல. பனிக்காலம் முடிந்து குடும்பத்தோடு படகில் தீவுக்குப் போய், பிள்ளைகளுக்கு ஊர்க்கதை சொல்லி, முட்டையை எடுத்து வந்து முதியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் திருவிழா அது. இரண்டாயிரங்களில் மானிடவியலாளர்கள் ஹூனா முதியவர்களைக் கேட்டு அதன் விதியைப் பதிவு செய்தார்கள். கூட்டில் ஒன்றோ இரண்டோ முட்டை இருந்தால் எடுக்கலாம். மூன்று இருந்தால் தொடக்கூடாது. காரணம், இந்தப் பறவை மூன்று முட்டை இட்டபின் அடைகாக்கத் தொடங்கும். அதற்கு முன் எடுத்தால் மீண்டும் இட்டு எண்ணிக்கையை நிறைத்துக்கொள்ளும். பறவை குறையாது, முட்டைக்குள் குஞ்சும் சாகாது. உயிரியல் பட்டம் இல்லாதவர்களின் உயிரியல் இது.

வலசைப் பறவைச் சட்டமும் பூங்கா விதியும் இதைக் குற்றமாக்கின. 1960களில் காவலர்கள் கண்டிப்பாகத் தடுத்தார்கள். பாட்டி எடுத்த முட்டையைப் பேரன் எடுத்தால் திருட்டு. அதே நீரில் சொகுசுக் கப்பல்கள் நுழைந்தன. இன்றும் கோடையில் நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல் வரை அனுமதி. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானோர். மேல்தளத்தில் நின்று தொலைநோக்கியில் அந்தக் கடற்காகங்களைப் பார்க்கிறார்கள். பறவையைக் கண்ணால் தின்பவருக்குக் கப்பல் உண்டு, வழிகாட்டி உண்டு. கையால் தொட்டு வாழ்ந்தவருக்கு அபராதம்.

முதலில் ஏறியவரும் முதலில் ஆண்டவரும்

வட அமெரிக்காவிலேயே உயரமான மலை டெனாலி, 6,190 மீட்டர். 'உயரமானது' என்று கோயுகான் அதபாஸ்கன் மக்கள் வைத்த பெயர். 1896இல் தங்கம் தேடிவந்த ஒருவர், அப்போது குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற மெக்கின்லியின் பெயரை அதற்குச் சூட்டினார். மெக்கின்லி அலாஸ்காவைக் கண்ணால் பார்த்தவர் இல்லை.

1913 ஜூன் 7 அன்று நான்கு பேர் கொண்ட குழு அதன் உச்சியை அடைந்தது. உச்சியில் முதலில் காலடி வைத்தவர் வால்டர் ஹார்ப்பர். தாய் கோயுகான் அதபாஸ்கன். வயது 20. குழுவில் இருந்த பாதிரியார் ஹட்சன் ஸ்டக், மலைக்கு அதன் பூர்வகுடிப் பெயரையே திருப்பித் தரவேண்டும் என்று தன் நூலில் வாதாடினார். யாரும் கேட்கவில்லை. 1917இல் அங்கே மவுண்ட் மெக்கின்லி தேசியப் பூங்கா அமைந்தது. குழுவின் இன்னொரு உறுப்பினரான ஹாரி கார்ஸ்டன்ஸ் அதன் முதல் கண்காணிப்பாளர் ஆனார். வால்டர் ஹார்ப்பர் 1918இல் கப்பல் மூழ்கி 25 வயதில் இறந்தார்.

அந்த 1917 சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. உணவு தீர்ந்துபோன கனிமத் தேடிகளும் சுரங்கக்காரர்களும் பூங்காவுக்குள் தேவையான அளவு வேட்டையாடிக்கொள்ளலாம். நேற்று வந்த சுரங்கக்காரரின் பசியைச் சட்டம் பெயர் சொல்லி எழுதியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிய அதபாஸ்கன் மக்களின் பசிக்கு ஒரு வரி இல்லை. சுரங்கக்காரர் சலுகை 1928இல் நீங்கியது. 1980இல் விரிவாக்கிய பகுதிகளில் உள்ளூர் மக்களுக்கு வாழ்வாதார வேட்டை உரிமை கிடைத்தது. பழைய பூங்காவின் நடுப்பகுதியில் இன்றும் கிடையாது.

2019இல் சுமார் 6 லட்சம் பேர் டெனாலி பூங்காவுக்கு வந்தார்கள். 1972 முதல் உள்ளே பேருந்துதான். சொந்த வண்டிகளுக்கு முதல் 24 கிலோமீட்டர் மட்டும். கிரிஸ்லி கரடியோ ஓநாயோ மூஸ் மானோ தெரிந்தால் பேருந்து நிற்கும், எல்லோரும் சன்னல் பக்கம் சாய்வார்கள். நல்ல ஏற்பாடுதான், விலங்குகளுக்கும் தொல்லை குறைவு. மலையின் பெயரோ 2015இல் டெனாலி ஆனது. 2025 சனவரியில் ஓர் ஆணையால் மீண்டும் மெக்கின்லி ஆனது. பெயரை மாற்றும் பேனா இன்னும் அந்த மக்களின் கையில் இல்லை.

ஆறு பொதுநிலமா?

1968இல் வடகரையில் எண்ணெய் கிடைத்தது. குழாய் போட நிலச்சிக்கல் தீரவேண்டும். 1971இல் சட்டம் வந்தது. பூர்வகுடிகளுக்கு 4.4 கோடி ஏக்கரும் 96 கோடி டாலருக்கு மேலும் இழப்பீடு. நிலம் ஊர்ச்சபைக்குப் போகவில்லை, புதிதாக உருவாக்கிய நிறுவனங்களுக்குப் போனது. மக்கள் பங்குதாரர் ஆனார்கள். அதே சட்டம் அவர்களுடைய தொன்மையான வேட்டை, மீன்பிடி உரிமைகளை ஒரே வரியில் அழித்தது. 1980இல் இன்னொரு சட்டம் 10 கோடி ஏக்கருக்கு மேல் பூங்காவும் சரணாலயமுமாக அறிவித்தது. அதில் போராடிப் பெற்ற ஒரு பகுதி, பொதுநிலங்களில் கிராமத்தவரின் வாழ்வாதாரத் தேவைக்கு முன்னுரிமை என்றது. 'பூர்வகுடி' என்ற சொல்லை விட்டுவிட்டு 'கிராமத்தவர்' என்று எழுதினார்கள்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கேட்டி ஜான். ஆட்னா இனத்தவர், மெண்டாஸ்டா ஊர்க்காரர், 14 பிள்ளைகளைப் பெற்ற தாய். காப்பர் ஆற்றின் மேற்பகுதியில் பட்சுல்நெடாஸ் என்ற இடத்தில் அவருடைய முன்னோரின் சால்மன் மீன்பிடித் துறை இருந்தது. 1964இல் மாநில அரசு அதை மூடியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் விற்பனைக்கும் பொழுதுபோக்குக்கும் மீன் பிடிப்பவர்களுக்குத் தடையில்லை. 1980க்குப் பிறகு அந்த இடம் ராங்கெல்-செயின்ட் எலியாஸ் தேசியப் பூங்காவுக்குள் வந்தது. 132 லட்சம் ஏக்கர். அமெரிக்காவின் மிகப்பெரிய பூங்கா. அதற்குள் ஒரு மூதாட்டிக்கு வலைபோட ஒரு கரை இல்லை.

1985இல் அவர் வழக்குப் போட்டார். கேள்வி இதுதான்: சட்டம் சொல்லும் 'பொதுநிலம்' என்ற சொல்லுக்குள் ஆறு அடங்குமா? அடங்காது, ஆறு மாநிலத்தின் சொத்து என்று அலாஸ்கா அரசு வாதாடியது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடங்கும் என்றது. வழக்கு மேலும் இழுத்தது. 2001இல் ஆளுநர் டோனி நோல்ஸ் அந்த மீன்பிடித் துறைக்கே நேரில் போய் கேட்டி ஜானைப் பார்த்தார். திரும்பி வந்து, இனி உச்சநீதிமன்றம் போகப்போவதில்லை என்று அறிவித்தார். 2013இல் 97 வயதில் கேட்டி ஜான் காலமானார். சவுதார் குளத்து வழக்கை அறிந்த நமக்கு இந்த வழக்கை விளக்கத் தேவையில்லை.

பார்க்கவும் போகாத இடம்

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பூங்காவே கூடாது என்ற முடிவுக்கு வந்தால் அது தவறு. அலாஸ்காவின் வடகிழக்கில் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. 1956இல் ஓலாஸ் மூரி, மார்கரெட் மூரி தம்பதியர் அங்கே தங்கி ஆய்வு செய்தார்கள். 1960இல் அது காக்கப்பட்ட பகுதியானது. இன்று சுமார் 190 லட்சம் ஏக்கர். அதன் கடலோரச் சமவெளியில் போர்க்குபைன் மந்தை எனப்படும் கரிபூ மான்கள் கன்று ஈனுகின்றன. அந்த மான்களை நம்பி வாழும் க்விச்சின் மக்கள் 1988இல் ஆர்க்டிக் வில்லேஜ் என்ற ஊரில் கூடி, அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டவிடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இன்றுவரை போராடுகிறார்கள். சூழலியல் அமைப்புகள் அவர்களோடு நிற்கின்றன. பஞ்சகாலத்திலும் கன்று ஈனும் நிலத்தில் காலெடுத்து வைப்பதில்லை என்பது க்விச்சின் மரபு. பாதுகாப்பு என்றால் என்ன என்பதை எந்தச் சுற்றுலாக் கையேடும் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே புகலிடத்தின் கரையில் காக்டோவிக். சுமார் 250 பேர் வாழும் இனுபியாட் ஊர். 1947க்கும் 1964க்கும் இடையில் ராணுவத் தேவைக்காக அந்த ஊரை மூன்று முறை பெயர்த்து வைத்தார்கள். இன்று அவர்களில் கணிசமானோர் எண்ணெய் எடுப்பதை ஆதரிக்கிறார்கள்; பள்ளியும் மருத்துவமும் அந்த வருமானத்தில் வந்தவை என்கிறார்கள். பூர்வகுடிகள் எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை மேட்டிமைதான். கடல்பனி உருகியதால் துருவக்கரடிகள் கரைக்கு வந்தன. இலையுதிர் காலத்தில் ஊரார் வேட்டையாடிய திமிங்கிலத்தின் எலும்புக் குவியலை அவை தேடி வரும். கரடியைப் படம்பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலருக்குப் படகுத்தொழிலில் வருமானம் கிடைத்தது. ஆனால் சிறிய விமானத்தின் இருக்கைகளைப் பயணிகள் நிரப்பிவிட, வெளியூர் போன ஊர்க்காரர்களுக்கு வீடு திரும்ப இடம் கிடைக்கவில்லை. 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு படகுச் சுற்றுலா நின்றது. பலருக்கு அது நிம்மதி.

கூடு திரும்பியது

ஒப்பிடும்போது அளவு தவறக்கூடாது. அவர்கள் அனுபவித்தது காலனியம்; நாம் அனுபவிப்பது சாதி. அவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்தார்கள். நம்மை நிலம் இல்லாமலே ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே சொல் கருவியாக இருந்தது. 'பொது' என்று எழுதிவிட்டு, அதற்குள் தன்னை மட்டும் வைத்துக்கொள்ளும் வித்தை. அந்தச் சொல்லை வெளியே நின்று சபிப்பதால் பயனில்லை என்று மகாத்தும் சொல்கிறது, பட்சுல்நெடாஸும் சொல்கிறது. உள்ளே போய் உட்கார வேண்டும்.

ஹூனா மக்கள் அதைத்தான் செய்தார்கள். 2004இல் அவர்களுடைய நிறுவனமே ஹூனாவில் கப்பல்துறை திறந்தது. வருகிற பயணிக்கு ஊரின் வரலாற்றை ஊரே சொல்லத் தொடங்கியது. 2014இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஹூனா டிலிங்கிட் கடற்காக முட்டைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆண்டுக்கு இரண்டு முறை வரை மக்கள் தங்கள் விரிகுடாவில் முட்டை எடுக்கலாம். 2016 ஆகஸ்டில் பூங்காவின் கரையில், பனியாறு நசுக்கிய குலவீடுகளின் நினைவாக ஒரு மரவீட்டை எழுப்பினார்கள். ஊர்மக்கள் படகு செலுத்தி வந்து அதைத் திறந்தார்கள்.

கூட்டில் மூன்று முட்டை இருந்தால் தொடாதே என்பது அவர்கள் பாட்டிகள் சொன்ன விதி. அந்த விதியைக் கடைப்பிடிக்கத் தெரிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு நெடுங்காலம் அந்தக் கூட்டைப் 'பொதுமக்களுக்காக'க் காத்தார்கள். இப்போது அந்தக் கைகள் கூட்டருகே திரும்பியிருக்கின்றன. நம் தோழர் இருந்திருந்தால் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருப்பார். பிறகு நம் ஊர் மந்தைவெளியின் புலஎண்ணைச் சொல்லி, அதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.